காவிரி டெல்டாவின் அடையாளங்கள்: ஆறு, கல்லணை, பெரிய கோயில், வயல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்டா என்றால் எந்தெந்த ஊர்கள்?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்கள் முழுசாக வரும். அதோடு திருச்சி, அரியலூர், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில பகுதிகளும் சேரும். பழைய ஆட்களுக்கு இது எல்லாமே 'தஞ்சாவூர் ஜில்லா'தான். மாவட்டத்தை நான்காகப் பிரித்தாலும் பேச்சில் அது இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறது. மயிலாடுதுறை தனி மாவட்டமானதே 2020 டிசம்பரில்தான்.

எல்லையை நிலப்படத்தில் தேடுவதைவிடத் தண்ணீரைக் கேட்பது சுலபம். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, கல்லணையில் மறுபடி பிரிந்து, அப்புறம் வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு, பாமணியாறு, கோரையாறு, ஓடம்போக்கி, முடிகொண்டான் என்று விரல் விரலாகப் பிரிந்து போகிறது. அந்த விரல்கள் தொடுகிற இடமெல்லாம் டெல்டா.

இந்த வட்டாரத்துக்கு ஒரே ஒரு அடையாளத்தைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்லலாம்?

வெளியூர்க்காரர்கள் பெரிய கோயில் என்பார்கள். ரிசர்வ் வங்கியே 1954இல் வெளியிட்ட ஆயிரம் ரூபாய் நோட்டில் அந்தக் கோயிலைத்தான் போட்டது. தவறில்லை. ஆனால் என்னைக் கேட்டால் கல்லணை என்பேன்.

காரணம் எளிது. கோயில் இங்கே எழுந்ததே நெல் விளைந்ததால். நெல் விளைந்தது தண்ணீர் வயலுக்குத் திரும்பியதால். தண்ணீரைத் திருப்பி வைத்தது அந்தக் கல் மேடு. ஆறு, கோயில், வயல் என்று மூன்றையும் தனித்தனிப் படமாகப் போட்டுக் காட்டுவது சுற்றுலாத் துறைக்கு வசதி. உள்ளூரில் அவை ஒரே கணக்கின் மூன்று வரிகள். கீழே வரும் பதில்களிலும் அந்தக் கணக்கு திரும்பத் திரும்ப வரும்.

கல்லணையை உண்மையிலேயே கரிகாலன்தான் கட்டினானா?

மரபு அப்படிச் சொல்கிறது. அணைக்குப் பக்கத்தில் யானை மேல் அமர்ந்த கரிகாலன் சிலையோடு மணிமண்டபமும் இருக்கிறது. 'இதை நான் கட்டினேன்' என்று அவன் பெயரில் கல்வெட்டு எதுவும் அணையில் இல்லை. காடு கொன்று நாடாக்கினான், குளம் தொட்டு வளம் பெருக்கினான் என்று அவனைச் சங்கப் பாட்டு புகழ்கிறது. காவிரிக்குக் கரை எழுப்பியவன் அவன் என்று பல நூற்றாண்டு கழித்து வந்த செப்பேடுகள் சொல்கின்றன. கரை எழுப்புவதும் அணை கட்டுவதும் ஒன்றல்ல என்று வாதாடலாம். ஆனால் அணை மிகப் பழையது என்பதிலும், பிரிட்டிஷ் பொறியாளர்கள் வருவதற்கு ரொம்ப முன்பே அது வேலை செய்துகொண்டிருந்தது என்பதிலும் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சுமார் 2,000 ஆண்டு என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

கல்லணை தண்ணீரைத் தேக்குகிற அணையா? மேட்டூர் மாதிரியா?

இல்லை. இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கல்லணைக்குப் பின்னால் பெரிய ஏரி எதுவும் இருக்காது. அது தேக்குகிற அணை அல்ல, திருப்பி விடுகிற அணை.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. நடுவில் இருக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். தீவு முடியும் இடத்தில் இரண்டு ஆறும் மறுபடி நெருங்கி வருகின்றன. கொள்ளிடத்தின் தரை தாழ்வு, சரிவும் அதிகம். விட்டால் காவிரித் தண்ணீர் அத்தனையும் அந்தப் பக்கம் சரிந்து, வயல் பக்கமே திரும்பாமல் கடலுக்கு ஓடிவிடும். அந்தச் சரிவை மறித்துக் கட்டியதுதான் கல்லணை. சாதாரண நாளில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு பக்கம் போகும். வெள்ளம் வந்தால் மிஞ்சியது கொள்ளிடத்துக்கு. வயலுக்குக் காவிரி, வெள்ளத்துக்குக் கொள்ளிடம் என்ற இந்தப் பங்கீடு இன்று வரை மாறவில்லை.

பழைய அணை சுமார் 1,080 அடி நீளம். நேர்கோடாக இல்லாமல் பாம்பு போல வளைந்து கிடக்கும். அதற்குக் கீழே பாறை கிடையாது, எவ்வளவு தோண்டினாலும் மணல். பெரிய கற்களை மணலில் போட்டால் நீரின் அரிப்பில் அவை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். அதன் மேல் இன்னொரு வரிசை, இடையில் களிமண், மேலும் கல். இறங்க வேண்டியது இறங்கி முடிந்ததும் அடித்தளம் தானாக உறுதியாகிவிடும். ஆற்றோடு சண்டை போடாமல் ஆற்றின் அரிப்பையே வேலைக்காரனாக வைத்துக்கொண்ட யோசனை இது.

ஆர்தர் காட்டன் என்ன செய்தார்?

19ஆம் நூற்றாண்டில் காவிரிப் படுகை மேடாகிக்கொண்டே வந்தது. தண்ணீர் மேலும் மேலும் கொள்ளிடத்துக்குப் போனது. தஞ்சாவூர் வாய்க்கால்கள் காயத் தொடங்கின. பிரிட்டிஷ் பொறியாளரான காட்டன் 1836 வாக்கில் முக்கொம்பில் மேலணையையும், அதே கொள்ளிடத்தில் கீழே அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். கல்லணையிலும் மணல்வாரி மதகுகள் அமைந்தன. பிற்பாடு கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டியபோது, ஆழம் காண முடியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்துதான் கற்றோம் என்று அவரே ஒப்புக்கொண்டார். இந்த ஒப்புதலுக்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை.

அவர் கட்டிய மேலணையின் கதை அத்தனை இனிமையாக முடியவில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பில் கொள்ளிடம் பக்கம் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. பக்கத்திலேயே புதிய கதவணை கட்ட வேண்டியதாயிற்று. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. சோழர் காலத்து அந்த ஏரியிலிருந்து 2004 முதல் குழாய் வழியே சென்னைக்கும் போகிறது. ஆகவே சென்னையில் குழாயைத் திறப்பவர்களுக்கும் இந்த வட்டாரத்தில் ஒரு சிறு பங்கு உண்டு.

கல்லே இல்லாத ஊரில் இவ்வளவு பெரிய கற்கோயில் எப்படி வந்தது?

தஞ்சாவூரைச் சுற்றி வண்டல், களிமண், மணல், கொஞ்சம் செம்மண். கருங்கல் கிடைக்காது. ராஜராஜன் கட்டிய கோயிலோ முழுக்கக் கருங்கல். கருவறை மேல் எழும் விமானம் மட்டும் 13 நிலை, சுமார் 216 அடி. மேற்கே திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துப் பாறைகளிலிருந்துதான் கல் வந்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஆளும் மாடும் யானையும் வருஷக்கணக்கில் வேலை செய்ய, அவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். உபரி நெல் இல்லாத அரசன் இதை நினைத்தே பார்த்திருக்க முடியாது. 1010ஆம் ஆண்டு, தன் 25ஆம் ஆட்சியாண்டில், விமானத்தின் உச்சிக்குப் பொன் பூசிய செப்புக் கலசத்தை ராஜராஜன் கொடுத்ததைக் கல்வெட்டு குறித்து வைத்திருக்கிறது.

கோயிலுக்குப் போனால் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் சுவரைப் பார்க்கச் சொல்வேன். அந்தக் கோயில் ஒரு மாபெரும் கணக்குப் புத்தகம். தேவதானமாக, அதாவது கோயிலுக்குக் கொடையாக வந்த ஊர்களின் பெயர், அவை அளக்க வேண்டிய நெல், அளக்கும் மரக்காலின் பெயர் எல்லாம் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்த மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று இறைவன் பெயர். கோயிலில் பணிசெய்ய ஊர் ஊராகத் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் குடியேற்றி, ஒவ்வொருவர் பெயரையும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதையும் எழுதி, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று பங்கு வைத்திருக்கிறார்கள். ஈழத்து ஊர்கள்கூட அந்த வருமானப் பட்டியலில் உண்டு. கோயிலின் வரவு செலவில் பெரும்பகுதி நெல்லாகத்தான் ஓடியது.

இன்னொரு வேடிக்கை. இதைக் கட்டியது யார் என்பதையே ஊர் இடையில் மறந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்வெட்டுகளைப் படித்த ஜெர்மானியர் ஹுல்ஷ்தான் ராஜராஜன் பெயரை உறுதி செய்தார். பிரகாரச் சுற்றில் பிற்கால ஓவியங்களுக்கு அடியில் ஒளிந்திருந்த சோழர் ஓவியங்களைக் கண்டுபிடித்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, ஆண்டு 1931. இன்று ஐப்பசி சதயத்தில் ராஜராஜனுக்கு எடுக்கும் விழாவைப் பார்க்கிறவர்கள் ஆயிரம் வருஷம் விடாமல் நடந்துவருவதாக நினைத்துக்கொள்வார்கள்.

விமானத்தின் நிழல் தரையில் விழாதாமே? உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல்லா?

நிழல் விழும். காலையிலோ மாலையிலோ போய் நின்றால் பிரகாரத்தில் நீளமாகப் படுத்திருக்கும். நடுப்பகலில் விமானத்தின் அகன்ற அடிப்பகுதி மேலேயே நிழல் அடங்கிவிடுகிறது, அவ்வளவுதான். உச்சியில் இருப்பதும் ஒற்றைக் கல் இல்லை, பல கற்களைப் பொருத்தி அமைத்தது என்பதே ஆய்வாளர்கள் சொல்வது. பெரிய நந்தி ஒற்றைக் கல்தான். ஆனால் அது ராஜராஜன் வைத்ததல்ல, நாயக்கர் காலத்தது. உள்ள பெருமையே போதுமானதாக இருக்கும்போது இந்தக் கட்டுக்கதைகள் எதற்கு என்று தெரியவில்லை.

கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம்?

மூன்றையும் சேர்த்துத்தான் உலக மரபுச் சின்னம். தஞ்சைக் கோயிலுக்கு 1987இல் அந்தத் தகுதி கிடைத்தது, மற்ற இரண்டும் 2004இல் சேர்ந்தன. தாராசுரத்தின் சிற்ப நுணுக்கத்தைச் சொல்லத் தனிப் பக்கம் வேண்டும்.

கங்கைகொண்ட சோழபுரம் பற்றி ஒன்று மட்டும். கொள்ளிடத்துக்கு வடகரையில் ராஜேந்திரன் தலைநகர் அமைத்துக் கட்டிய கோயில் அது. அதன் மதில் இன்று குறைந்து கிடக்கிறதே, ஏன்? 1836இல் பக்கத்தில் கீழணையைக் கட்டக் கல் தேவைப்பட்டது. கோயில் மதிலைப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். சோழன் கோயிலின் கல் இன்று கொள்ளிடத்தில் தண்ணீரைத் திருப்பி வயலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. இதற்குக் கோபப்படுவதா, ஒரு வகையில் கணக்கு நேரானது என்று இருப்பதா என்பதில் எனக்கு இரண்டு மனசு.

ஜூன் 12 என்ன நாள்?

மேட்டூர் அணையிலிருந்து டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள். ஜனவரி 28 மூடும் நாள். அணை கட்டி முடிந்தது 1934இல். முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி), நீர்மட்டம் 120 அடி. டெல்டாவில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவரிடம் "மேட்டூர் எவ்வளவு?" என்றால் அடிக்கணக்கில் உடனே பதில் வரும். வேறு ஊர்களில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போல.

தேதி காகிதத்தில் இருக்கிறது, தண்ணீர் எப்போதும் அதைக் கேட்பதில்லை. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தண்ணீர் கர்நாடகத்திலிருந்து வர வேண்டும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்தது. அதைக் கண்காணிக்கக் காவிரி மேலாண்மை ஆணையமும் வந்தது. மழை நன்றாகப் பெய்த வருஷம் யாருக்கும் அந்த ஆணையம் ஞாபகத்தில் இருக்காது.

மேட்டூரில் திறந்த தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வரும். அங்கே மதகைத் திறக்கும்போது நெல்லும் பூவும் தூவுவார்கள். அங்கிருந்து கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கடைசி வயல்களுக்குப் போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. வாய்க்கால் தூர்வாரியிருக்க வேண்டும், மேல்மடைக்காரர் விட வேண்டும், முறை வர வேண்டும். கல்லணை திறந்த செய்தி பேப்பரில் வந்து பல நாள் ஆகியும் வேதாரண்யம் பக்கத்தில் வாய்க்கால் காய்ந்து கிடப்பது சாதாரணம்.

குறுவை, சம்பா, தாளடி – சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

குறுவை குறுகிய காலப் பயிர். ஜூனில் தொடங்கிச் செப்டம்பர், அக்டோபரில் அறுப்பு. ஏறத்தாழ 110 நாள். சம்பா நீண்ட காலப் பயிர். ஆகஸ்டு வாக்கில் தொடங்கித் தையில் அறுப்பு, சி.ஆர். 1009 போன்ற ரகத்துக்கு 150 நாளுக்கு மேலே ஆகும். குறுவை அறுத்த அதே வயலில் அடுத்துப் போடுவது தாளடி. குறுவையும் தாளடியும் போட்டால் இருபோகம், சம்பா மட்டும் போட்டால் ஒருபோகம்.

சம்பா அறுப்புக்குப் பத்து நாள் முன்பு, கதிர் நிற்கும்போதே ஈரத்தில் உளுந்தையோ பயறையோ தெளித்துவிடுவார்கள். நெல் அறுத்ததும் அது முளைத்து நிற்கும். உழவு இல்லை, தண்ணீர் இல்லை, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியுமே போதும். கதிர் அறுக்கும் மெஷின் வந்த பிறகு அதன் சக்கரம் உளுந்து நாற்றை நசுக்குகிறது என்பது தனி வருத்தம்.

குறுவைக்கு ஒரு தீராத தலைவலி உண்டு. அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வந்துவிடும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள், தளர்வு கேட்டு மத்திய அரசுக்கு எழுத வேண்டும். அதற்குள் ரோட்டில் கொட்டிய நெல் முளை விட்டுவிடும்.

பழைய நெல் ரகங்கள் இன்னும் இருக்கின்றனவா?

இருக்கின்றன. ஆனால் வயல்களில் பெரும்பாலும் தெரிவது ஆராய்ச்சி நிலைய ரகங்கள்தான். ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இலிருந்து இயங்குகிறது. ஏ.டி.டி. என்று தொடங்கும் ரகமெல்லாம் அங்கே பிறந்தவை. ஏ.டி.டி. 36, 43 எல்லாம் டெல்டாவில் ஆளின் பெயர் போலப் புழங்கும். ஒரு வட்டாரத்தின் வயலே அடையாளம் என்றால் இந்த எண்களும் அடையாளம்தான்.

மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி, கிச்சிலிச் சம்பா போன்றவற்றைத் திரும்பக் கொண்டுவந்ததில் 'நெல்' ஜெயராமனுக்குப் பெரிய பங்கு உண்டு. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் விதை இலவசமாகக் கிடைக்கும். 2 கிலோ வாங்கிப் போனவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018 டிசம்பரில் அவர் காலமானார்.

இங்கே யானை கட்டிப் போரடித்தார்களா?

மேடைதோறும் சோழநாட்டின் மேல் ஏற்றிச் சொல்லப்படும் பாட்டு அது. முழுப் பாட்டைப் பாருங்கள்: "மாடு கட்டிப் போரடித்தால் மாளாது செந்நெல் என்று ஆனை கட்டிப் போரடிக்கும் அழகான தென்மதுரை." பாட்டு மதுரைக்குச் சொந்தம். சோழநாட்டுக்கு 'சோழ வளநாடு சோறுடைத்து' என்ற ஔவை வாக்கு இருக்கிறது, அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பச்சை வயல் படங்களில் எது விடுபடுகிறது?

ஆள். நடவுப் பெண்கள் குனிந்து நிற்கும் படம் நிறைய உண்டு. அவர்களுடைய கூலிக் கதை படத்தில் இருக்காது.

இந்த வட்டாரத்தில் கோயிலும் மடமும் மிராசுதாரும் வேலிக் கணக்கில் நிலம் வைத்திருந்தார்கள். ஒரு வேலி என்றால் 20 மா, சுமார் ஆறரை ஏக்கர். சேற்றில் இறங்கியவர்களுக்கு, பெரும்பாலும் தலித் மக்களுக்கு, ஒரு மாகூடக் கிடையாது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. சங்கம் வந்தது, செங்கொடி வந்தது. கூலி உயர்வு கேட்ட தகராறில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். தண்டிக்கப்பட்ட நில உடைமையாளர்களை உயர் நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் அந்த ஊரில் நினைவிடம் இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பர் 25க்கும் கூட்டம் கூடுகிறது.

சுற்றுலாக் கையேடுகளில் கீழ்வெண்மணி வராது. என் பட்டியலில் கல்லணைக்கும் பெரிய கோயிலுக்கும் பக்கத்தில் அதற்கும் இடம் உண்டு. 400 பெண்களின் கதவிலக்கம்வரை கல்லில் வெட்டி வைத்த நாட்டில், அந்த நெல்லை விளைவித்தவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

பூம்புகாரில் காவிரியைப் பார்க்கப் போனோம், வாய்க்கால் மாதிரி இருக்கிறதே?

ஏமாற்றம் உங்களுக்கு மட்டும் இல்லை. மற்ற ஆறுகள் போகப்போக அகலமாகும். காவிரி பங்கு கொடுத்துக் கொடுத்துக் கடலுக்குப் போகும்போது ஒல்லியாகிவிடுகிறது. குடகில் தலைக்காவிரியில் புறப்பட்டு சுமார் 800 கிலோமீட்டர் வந்த ஆறு இது. திருச்சியில் அகண்ட காவிரியாக இருந்ததைத் தஞ்சை வயல்கள் குடித்துவிட்டன. பெருவெள்ளம் கடலில் கலக்கும் காட்சி வேண்டுமென்றால் வடக்கே கொள்ளிடம் முகத்துவாரத்துக்குப் போங்கள்.

கடலோரத்தில் இயற்கை அடையாளம் என்று எவை உண்டு?

இரண்டு. முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் கோடியக்கரையும். பாமணியாறு, கோரையாறு போன்றவை கடலைத் தொடும் இடத்தில், நல்ல நீரும் உப்பு நீரும் கலக்கும் சேற்றில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. படகில்தான் உள்ளே போக முடியும். கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். வெளிமான், குளிர்காலத்தில் பூநாரை. வறண்ட பசுமைமாறாக் காடு என்ற அரிய வகைக் காடு அங்கே இருக்கிறது. பக்கத்திலேயே வேதாரண்யம் உப்பளம், 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி நடந்து வந்து உப்பு அள்ளிய இடம்.

பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் நெல்லைவிடத் தென்னைதான் அதிகம் தெரிகிறது. அதுவும் டெல்டாதானா?

புது டெல்டா. மேட்டூர்த் திட்டத்தோடு கல்லணைக் கால்வாய் வெட்டப்பட்டது 1930களில்தான். உள்ளூரில் புது ஆறு என்பார்கள். அதுவரை மானாவாரியாகக் கிடந்த மேட்டு நிலம் அது. காலப்போக்கில் தென்னை அந்தப் பக்கத்தின் முகமாகிவிட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது ஒரே இரவில் லட்சக்கணக்கான மரம் சாய்ந்தது. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. தென்னை போனால் காய்க்கிற மரத்துக்கு ஐந்தாறு வருஷமாவது காத்திருக்க வேண்டும்.

கோயில்கள் மட்டும்தானா கட்டட அடையாளம்?

கோயில்களின் பெயரில் பேச்சு ஆரம்பித்தால் திருவாரூர் ஆழித்தேரை விட்டுவிட முடியாது. அலங்கரித்து நிற்கும்போது 96 அடி, எடை சுமார் 300 டன். 1926இல் தீயில் எரிந்து மறுபடி செய்த தேர் இது. இப்போது திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக் பூட்டி ஓடுகிறது. அங்கே குளமும் கோயிலும் ஆளுக்கு ஐந்து வேலி என்பார்கள். அளவைக்கூட நிலக்கணக்கில்தான் சொல்கிறார்கள், கவனியுங்கள்.

நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். வேளாங்கண்ணிப் பேராலயத்துக்கு பசிலிக்கா தகுதி 1962இல் வந்தது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்றுக் கோட்டை கட்டினார்கள். சேதுபாவாசத்திரம் பக்கம் கடற்கரையில் இருக்கும் மனோராதான் இதில் விசித்திரம். நெப்போலியனை பிரிட்டிஷார் வென்றதற்காக தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய அறுகோணக் கோபுரம் அது. ஐரோப்பாவில் யாரோ தோற்றதற்கு இங்கே ஏன் நினைவுச் சின்னம் என்றால், ஆட்சி அதிகாரம் முழுக்கக் கும்பெனி கையில் இருந்த ஒரு ராஜாவின் நிலைமையைத்தான் பார்க்க வேண்டும்.

புவிசார் குறியீடு வாங்கிய பொருள்களுக்கும் இந்த மண்ணுக்கும் என்ன தொடர்பு?

சிலவற்றுக்கு நேரடித் தொடர்பு உண்டு. சுவாமிமலைச் செப்புத் திருமேனிகளுக்கு மெழுகு உருவத்தின் மேல் பூசுவது காவிரி வண்டல். அந்த மண் மெழுகின் நுட்பத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். நெட்டிச் சிற்பத்துக்கு ஏரி குளங்களில் வளரும் நெட்டிதான் மூலப்பொருள். கும்பகோணம் வெற்றிலை ஆற்றங்கரைக் கொடிக்காலில் விளைவது, 2025இல் குறியீடு பெற்றது. தஞ்சாவூர் வீணை, நரசிங்கன்பேட்டை நாதசுரம் ஆகியவற்றுக்கு மரம் வேறு எங்கிருந்து வந்தாலும் ஆசாரிகளின் கைதான் இந்த ஊர். தலையாட்டி பொம்மை எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

இந்த வயல்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறதா?

2020 பிப்ரவரியில் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டங்கள் முழுமையாகவும், கடலூர், புதுக்கோட்டையில் தலா ஐந்து ஒன்றியங்களும் அதில் வந்தன. எண்ணெய், இயற்கை எரிவாயு, மீத்தேன் போன்றவற்றை எடுக்கும் புதிய திட்டங்களுக்குத் தடை. 2017இல் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மாதக்கணக்கில் நடந்த போராட்டம் இல்லாமல் இந்தச் சட்டம் வந்திருக்காது என்பது என் எண்ணம். ஓட்டைகளும் உண்டு. ஏற்கெனவே இயங்கிவந்த கிணறுகளை அது தொடவில்லை. திருச்சி, அரியலூர், கரூர் வெளியே நிற்கின்றன. வயலை மனையாக்குவதையும் இந்தச் சட்டத்தால் பெரிதாகத் தடுக்க முடிந்ததாகத் தெரியவில்லை. கும்பகோணம் போகும் ரோட்டில் நட்டுவைத்த மஞ்சள் கல் வரிசைகளைப் பார்த்தாலே தெரியும்.

எப்போது போனால் எல்லாவற்றையும் பார்க்கலாம்?

எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாது. ஆற்றில் புதுத் தண்ணீர் பார்க்க ஆடிப் பதினெட்டு. அன்றைக்குக் கூட்டம் தாங்காது, தண்ணீர் வந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். வயல் பச்சைக்கு நவம்பர், டிசம்பர். ஆனால் மழையும் புயலும் அப்போதுதான். கதிர் முற்றி நிற்பதைப் பார்க்கப் பொங்கலை ஒட்டி வரலாம், கோடியக்கரைப் பறவைகளுக்கும் அதே காலம் சரி. அந்தச் சமயத்தில் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையும் வரும் என்பதால் தஞ்சாவூரில் அறை கிடைப்பது சிரமம். ஏப்ரல், மே வேண்டாம். ஆற்றில் மணல்தான் இருக்கும், பெரிய கோயில் தரையில் வெறுங்காலோடு நடக்க முடியாது.

கல்லணையில் இறங்கிக் குளிக்கலாமா?

வேண்டாம். மதகு திறந்தால் நீர்மட்டம் சட்டென்று ஏறும், கீழே சுழலும் மணல் பள்ளமும் உண்டு. கொள்ளிடத்திலும் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. பாலத்தின் மேல் நின்று பாருங்கள், நான்கு பக்கமும் ஆறு பிரிவது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.